கால் அறியும் திசை

நூற்பாலை இரைச்சலில் வாய்ச்சொல் செவியில் விழாது. தோளைத் தொட்டே ஒருவரையொருவர் எச்சரிப்போம். அத்தகைய தொடுதலையே கிறிஸ்பியன் லாரன்ஸ், அனிருத் சர்மா என்னும் இருவர் காலணியில் அமைத்தனர். செகந்திராபாத்தில் உருவாகி 2014-இல் அறிமுகமான அதன் பெயர் ‘லேசல்’; இந்தியில் ‘அழைத்துச் செல்’ என்பது பொருள். கைபேசி வரைபடத்தின்படி, திரும்பவேண்டிய பக்கத்துக் காலில் அது அதிரும். பார்வையற்றோர்க்கெனத் தொடங்கிய முயற்சி இது. செவி வண்டியோசையைக் கேட்கத் தடையில்லை.

எனினும், பாலக்காட்டு வரப்பிலோ இடுக்கிச் சரிவிலோ எதிர்ப்படும் குழியை அக்காலணி அறியாது. அதற்கு ஊன்றுகோலும் விழிப்புமே துணை. ‘அழைத்துச் செல்’ என்று கருவியிடம் கூறலாம்; எங்கே, எதற்காக என்பதை நம் உள்ளமே ஆராய்தல் வேண்டும். ஆகவே, கருவியை ஏற்போம். விழிப்பை அதனிடம் ஒப்படையோம்.