காப்பதும் கழிப்பதும்

முன்னோர் விட்டுச் சென்ற ஒன்றைக் கைவசம் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் மனிதனுக்குத் தரும் திருப்தி சாமானியமானதன்று. அது கடிகாரமாகவோ வெண்கலப் பாத்திரமாகவோ இருந்தால், துடைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். ஜீவனுள்ள ஒன்றாக இருந்துவிட்டாலோ காக்கும் முறையே வேறாகிவிடுகிறது. கடை ஈஸ்டை விட்டுவிட்டு, இயற்கையாகப் புளித்த மாவைக் கொண்டு வீட்டில் ரொட்டி சுடும் பழக்கத்தை மேற்கொண்ட பிறகே இந்த வேற்றுமை என் மனத்தில் தெளிவாகப் பதிந்தது.

அந்தத் தாய்மாவை உண்டாக்குவதில் ரகசியம் ஒன்றுமில்லை. முழுக் கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து, கண்ணாடிச் சாடியில் லேசாக மூடிவைத்து, நாள்தோறும் பெரும்பகுதியை எடுத்துவிட்டுப் புது மாவும் நீரும் சேர்த்து வந்தால், முதலில் எழும் துர்நாற்றம் அடங்கி, கனிந்த பழத்தின் புளிப்பு வாசனை தோன்றி, இரண்டொரு வாரங்களில் அது தானாகவே பொங்கும் சக்தியைப் பெற்றுவிடுகிறது. மாவூட்டிய சில மணி நேரத்துக்கெல்லாம் அது சாடியின் பக்கங்களில் ஏறிவருவதையும், கண்ணாடியை ஒட்டிய இடத்தில் சிறியதும் பெரியதுமாய்க் குமிழ்கள் கிளம்புவதையும், கரண்டியால் அள்ளினால் இழை இழையாக நீண்டு பிரிவதையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஊட்டுவதற்குத் தாமதமானால், மேலே சாம்பல் நிறத்தில் நீர் கட்டிக்கொண்டு, காடியின் நெடி மூக்கைத் துளைக்கும்.

உறைமோர் எடுத்துவைப்பதைப் போல இதிலும் ஒரு கரண்டி போதும். எஞ்சியதை விலக்கியே ஆகவேண்டும். விலக்க மனமின்றி மேன்மேலும் மாவைக் கொட்டினால் வீடே கொள்ளாது. ஊட்டாமல் விட்டாலோ அமிலம் மிகுந்து உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்து மடியும். உணவைக் கொட்டுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முதலில் மனத்தை உறுத்தத்தான் செய்யும். (வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து சேர்த்துத் தோசைக்கல்லில் வார்த்துவிட்டால் அந்த உறுத்தலுக்கு இடமில்லை.) ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்திக்கொண்டு வந்தால், பத்தாவது தடவையில் ஆதி மாவு ஆயிரங்கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, அதாவது, இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்படியானால், நூறாண்டு கண்ட மாவு என்று சிலர் கொண்டாடுகிறார்களே, அந்த நூறாண்டைத் தாங்கி நிற்பது எது?

ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம் இத்தகைய பெருமைக்குப் பேர் போனது. கலிபோர்னியாவில் பொன் தேடி ஜனங்கள் திரண்ட 1849-ஆம் வருஷத்தில் தொடங்கிய பூடின் ரொட்டிக்கடை, அன்றைய தாய்மாவின் வழிவந்ததையே இன்றும் கையாண்டுவருவதாகச் சொல்கிறது. 1906-ஆம் வருஷத்துப் பூகம்பத்தின்போது லூயிஸ் பூடின் அம்மையார் அந்த மாவை ஒரு வாளியில் எடுத்து வைத்துக் காப்பாற்றினார் என்பது அக்கடையார் கூறும் வரலாறு. வாளியில் இருந்ததோ சில நாட்களில் கழிந்துபோக வேண்டிய மாவு. நகரமே இடிந்து எரியும் வேளையில் ஒருவர் அதைக் கையிலெடுத்தார் என்றால், நாளைக்கும் ரொட்டி சுடவேண்டியிருக்கும் என்பதில் அவருக்கிருந்த திடநம்பிக்கையே என் நெஞ்சைத் தொடுகிறது.

அந்நகரத்து மாவின் சூக்ஷ்மத்தை கிளைன், சுகிஹாரா என்ற விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார்கள். அதில் வாழும் ஈஸ்ட், மாவிலிருந்து உண்டாகும் மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தீண்டுவதில்லை. கூடவே வாழும் பாக்டீரியா அதையே விரும்பி உண்கிறது. ஒன்றின் உணவில் மற்றொன்று கைவைக்காததோடு, பாக்டீரியா வெளியிடும் அமிலம் அந்நியக் கிருமிகளை அண்டவிடாமல் தடுக்க, அந்த அமிலத்தைச் சகிக்கும் வல்லமையை ஈஸ்ட் பெற்றிருக்கிறது. அந்த பாக்டீரியாவுக்கு நகரத்தின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி முதலிய தேசங்களின் புளித்த மாவுகளிலும் அதுவே குடியிருப்பது தெரியவந்தது.

பெல்ஜியத்தில் ஸாங்க்ட் ஃபித் என்னும் ஊரில் பல தேசத்துத் தாய்மாவுகளைச் சேகரித்து வைத்திருக்கும் நிலையம் ஒன்று உண்டு. பல நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டிக்காரர்களுக்கு ஒரே விதமான மாவைக் கொடுத்துத் தாய்மாவு தயாரிக்கச் செய்து, அவர்களை அங்கே வரவழைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2020-இல் வெளியாயின. மூலப்பொருள் ஒன்றாக இருந்தும் ஒருவர் மாவு மற்றொருவர் மாவைப் போல் இருக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், அவர்களுடைய கைகளிலேயே புளித்த மாவின் பாக்டீரியா வர்க்கம் மிகுதியாகக் குடியேறியிருந்தது. பிசைபவன் மாவை உருவாக்குகிறான் என்பதோடு நில்லாமல், மாவும் பிசைபவனைத் தன் வசமாக்கிக்கொள்கிறது.

இதைப் படித்தது முதல், சம்பிரதாயத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதில் ஓர் அணுவையும் அசைக்க மறுப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நேற்றையது அனைத்தையும் ஒரே நாளில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்பவர்களோடும் முடியவில்லை. பாட்டிலும் பாஷையிலும் குடும்ப வழக்கங்களிலும் நமக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு கரண்டிதான். அதில் நம் காலத்து மாவைச் சேர்க்காவிட்டால் அது புளித்துப் புளித்தே செத்துப்போகும். எதை விலக்குவது என்ற கேள்வி கடினமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்து ஒரு மரபைக் காத்தவர் எவரையும் நான் அறியேன்.

என்னிடம் மாவு வாங்கிச் சென்ற சிநேகிதி ஒருத்தி தன் வீட்டில் அதற்குக் கம்பு மாவை ஊட்டி வளர்க்கிறாள். அவள் சுடும் ரொட்டி நிறத்தில் கறுத்து, புளிப்பில் என்னுடையதை விடத் தூக்கலாக இருக்கிறது. அதை என் மாவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் அதைத் தின்னும்போது உண்டாகும் சந்தோஷம் என் ரொட்டியைத் தின்னும்போது உண்டாவதில்லை.