பெயர், ஊர், நாள்

அக்காள்மடத்தில் ஐப்பசி மழை இரண்டு பெய்தால் போதும், வேலியோரம் தும்பை எழுந்துவிடும். நாலு பட்டைத் தண்டு, உதடு பிரிந்த வெள்ளைப் பூ. அமெரிக்க மேற்குப் பாலைநிலங்களில் ஊதாப் பூவோடு நிற்கும் காட்டுச் சால்வியாவுக்கு இது உறவு, ஒரே குடும்பம். சால்வியா என்ற லத்தீன் பெயர் நலம், காப்பு என்ற பொருளிலிருந்து வந்தது. கிறிஸ்தவர்களான நாங்கள் கோயிலில் சொல்லும் 'மீட்பு' என்பதற்கான லத்தீன் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி கேட்டாள்: "உயிரோடு நிற்கிறதைப் பிடுங்கி, நசுக்கி, காயவைத்துப் பெயர் எழுதுகிறோம். இது பாவம் இல்லையா டீச்சர்?" பொழுது சாய்ந்தபின் இலை பறிக்கவிடாத பாட்டியிடம் வளர்ந்தவள் நான். பதில் சட்டென்று வரவில்லை.

திருச்சி தூய வளனார் கல்லூரியில், உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967இல் தொடங்கியவர் கே. எம். மத்தேயு என்ற இயேசு சபைக் குரு. ஜெபமும் செடி சேகரிப்பும் அவருக்கு ஒரே வாழ்க்கைக்குள் இருந்தன. ஹெர்பேரியத் தாள் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். செடியைத் தாளோடு நூலால் தைத்திருப்பார்கள். காய்ந்த தும்பையில் வெள்ளை தங்காது, பழுப்பேறிவிடும். அதனால்தான் பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். வலது கீழ்மூலையில் சீட்டு: பெயர், ஊர், நாள், எடுத்தவர். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் சருகு.

என் தாத்தா 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் தனுஷ்கோடியில் போனவர். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 2ஆம் தேதி, ஒவ்வொரு வருஷமும் பாட்டி பூசைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். தாத்தாவின் பெயர், தனுஷ்கோடி, அந்தத் தேதி. அவ்வளவுதான். சாமியார் வாசிக்கும்போது ஊர்ப் பெயர் விட்டுப்போனால் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனம் ஆறாது.

அந்தச் சீட்டு தாத்தாவைத் திருப்பித் தரவில்லை. தாளும் செடியைக் காப்பாற்றுவதில்லை. மீட்பது கடவுளின் வேலை. மனிதனால் ஆனது சாட்சி சொல்வது: இது இருந்தது, இங்கே இருந்தது, இந்த நாளில் இருந்தது என்று பொய் கலக்காமல் சொல்வது. அப்படிச் சொல்லி வைத்தால்தான் நமக்குப் பின்னால் வருகிறவர் அதே மணலுக்குப் போய், இன்னும் இருக்கிறதா என்று தேட முடியும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கவும் முடியும்.

மறுநாள் மாணவியிடம் சொன்னேன்: "பத்துச் செடி நின்றால் ஒன்றை எடு. ஒன்றுதான் நின்றால் கைவைக்காதே. எடுத்ததற்குச் சீட்டை உண்மையாக எழுது. அந்த உயிருக்கு நாம் பட்ட கடன் அது."

அவள் எழுதிய முதல் சீட்டு அக்காள்மடத்துத் தும்பைக்கு. 'பூ வெள்ளை' என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தாள்.