சுறாவும் நகரபிதாவும்

கல்முனைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்க்குச் சுறா என்றதும் நினைவுக்கு வருவது அடுப்படிதான். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று தேடி வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் மீன் அது. பழந்தமிழ்ப் பரதவரோ சுறவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டனர் என்பதைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். உணவாகவும் தெய்வமாகவும் சுறாவைக் கண்ட மொழிக்கு உரிய நம் மாணவர்கள், 1975 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ஜோஸ்’ என்னும் படத்தை இன்று கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு நடுங்குகிறார்களே, இஃது என்ன விந்தை? “ரப்பர் மீன்தான் சேர், ஆனா எழும்பி வர ஏலாமப் பெய்த்து” என்றான் ஒருவன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு ரப்பர் மீன் மனிதரைக் கட்டிப் போடுமாயின், அதன் காரணத்தை மீனிடத்தில் மட்டும் தேடுதல் போதாது என்று நமக்குத் தோன்றியது.

படத்தின் தொழில் திறமை பற்றி விமர்சகர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டனர். பீற்றர் பெஞ்ச்லியின் 1974 ஆம் ஆண்டு நாவலைப் படமாக்க வந்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்குக்கு அப்போது வயது இருபத்தேழு. செய்து வைத்த இயந்திரச் சுறா உப்பு நீரில் அடிக்கடி பழுதாயிற்று. ஆகவே மீனைக் காட்டாமலே கதையை நடத்த வேண்டிய நிர்ப்பந்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்ற பின்னரே சுறா முழுமையாகக் கண்ணில் படுகிறது. அதுவரை ஜோன் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் அதன் வேலையைச் செய்கின்றன. குறையே கலையான கதை இது. இருக்கட்டும்.

நம்மைப் பற்றிக்கொண்ட காட்சி வேறு. அமிற்றி என்னும் தீவு கோடை காலத்து உல்லாசப் பயணிகளை நம்பிப் பிழைப்பது. ஒரு பெண்ணின் சிதைந்த உடல் கரை ஒதுங்குகிறது. சுறாவின் வேலை என்று பரிசோதித்த மருத்துவர் கூறுகிறார். பொலிஸ் அதிகாரி புரோடி கடற்கரையை மூடப் புறப்படுகிறார். வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகொன்றில் நகரபிதா வோன் அவரை வளைத்துக் கொள்கிறார். யூலை 4 ஆம் திகதி விடுமுறை நெருங்குகிறது. சுறா என்று ஒரு சொல் வெளியே போனால் பருவத்து வரும்படி போயிற்று! உடன் நிற்கும் அதே மருத்துவர், தாம் தவறியிருக்கலாம் என்றும், படகின் விசிறியில் அகப்பட்டு அவள் இறந்திருக்கலாம் என்றும் சொல்லி அறிக்கையைத் திருத்த இசைகிறார். உரத்த குரல் இல்லை; மிரட்டல் இல்லை. நாலைந்து கனவான்கள் நின்றபடியே பேசி முடித்து விடுகின்றனர். அடுத்துச் சாவது ஒரு சிறுவன்.

அச்சிறுவனின் தாய் கறுப்பு உடையில் வந்து, புரோடியின் கன்னத்தில் அறைகிறாள். அறிந்திருந்தும் கடலைத் திறந்து விட்டாயே என்பது அவள் வழக்கு. அவள் சொல்வது தவறு என்று நகரபிதா தேற்ற முயல்கிறார். புரோடி அதை ஏற்கவில்லை. நமது மதிப்பில் படத்தின் உச்சம் இதுவே. இங்கே பல்லும் இல்லை, இரத்தமும் இல்லை; அறிந்தவன் வாய் மூடியிருந்தால் அவன் கொலையில் பங்காளியா என்னும் கேள்வி மட்டும் நிற்கிறது.

கேள்வி பழையது. நோர்வே நாட்டு இப்சன் 1882 இல் எழுதிய ‘மக்களின் பகைவன்’ நாடகத்தில், ஊருக்குப் பணம் கொணரும் நீராடு நிலையத்தின் தண்ணீர் நஞ்சாயிற்று என்று கண்ட மருத்துவரை, நகரபிதாவான அவருடைய சொந்தத் தமையனே எதிர்க்கிறான். சத்யஜித் ராய் இதனை 1989 இல் ‘கணசத்ரு’ என்று வங்கத்துக்குக் கொண்டு வந்தபோது, நீராடு நிலையம் கோயிலாயிற்று, நஞ்சானது தீர்த்தம். அவ்விரு கதைகளிலும் மருத்துவர் தனித்து நின்று ஊரின் பகையை ஏற்கிறார். அமிற்றியின் மருத்துவரோ பேனாவைத் திறந்து அறிக்கையை மாற்றுகிறார்.

ஆனால் பின்பாதியில் படம் இந்தக் கேள்வியைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கடலேறி விடுகிறது. மூன்று ஆண்கள், ஒரு படகு, ஒரு மீன். அதில் குவின்ற் என்னும் கிழட்டுச் சுறா வேட்டைக்காரன் கூறும் ‘இண்டியானாபொலிஸ்’ கப்பலின் கதை மெய்யானது. ஹிரோஷிமாவை எரித்த குண்டின் பாகங்களைக் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பிய அக்கப்பலை, 1945 யூலை 30 இல் யப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீரில் வீழ்ந்தவர் ஏறக்குறைய 900 பேர். மீண்டவர் 316 பேர். அவர்களைச் சுறா தின்றது என்பதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. கப்பல் வரவில்லையே என்று கடற்படை நான்கு நாள் தேடவே இல்லை என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? ஒரு விமானம் தற்செயலாகக் கண்டிராவிட்டால் அந்த 316 பேரும் இல்லை. மனிதன் செய்த பிழை இவ்வாறு மீனின் கணக்கில் எழுதப்படுகிறது. படத்தின் முடிவில் சுறா வெடித்துச் சிதறும்போது நாம் விடும் பெருமூச்சிலும் இந்தக் கள்ளக்கணக்கு உண்டு. 1978 இல் வந்த இரண்டாம் படத்திலும் வோன்தான் நகரபிதா!

இதை வெறும் கதையென்று ஒதுக்க நம் கரையால் இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்தே மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இங்கே உண்மையை மறைத்த நகரபிதா எவருமில்லை. இந்து சமுத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று காசு செலவிட்ட அரசும் இல்லை. தாய்லாந்திலோ வளிமண்டலவியல் திணைக்களத்தின் தலைவராயிருந்த சிமித் தர்மசரோஜா, தென்மேற்குக் கரைக்குக் கடற்கோள் வரக்கூடும் என்று 1998 இலேயே எச்சரித்தார். உல்லாசப் பயணத் தொழிலைக் கெடுக்க வந்தவர் என்று அவர் மீது பாய்ந்தனர். அலை அடித்த பின்னர் அதே அரசு அவரை அழைத்து எச்சரிக்கைப் பணியை ஒப்படைத்தது. நம் ஊர்களிலோ, அலைக்குப் பின் சில காலம் பலர் மீன் வாங்கவே அஞ்சினர். பிணம் தின்ற மீன் என்றனர். கரைவலைத் தோணிக்காரரின் வயிற்றில் விழுந்த இரண்டாவது அடி அது. மறுபடியும் மீன்தான்!

பெஞ்ச்லி தம் பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கப் பாடுபட்டார். 2006 இல் மறைந்தார். மனிதர் ஓராண்டில் கொல்லும் சுறாக்கள் பத்துக் கோடியளவில் இருக்கும் என்பது 2013 இல் வெளியான ஆய்வொன்றின் கணிப்பு.

வகுப்பில் நாம் கேட்டோம்: அச்சிறுவனைக் கொன்றவர் யார்? சுறா என்றனர் சிலர். நகரபிதா என்றனர் பெரும்பாலோர். பொலிஸ் அதிகாரியும்தான், ஆனால் அவர் பாவம், சம்பளக்காரர் என்றாள் ஒரு மாணவி. சம்பளக்காரராகிய நாம் அதற்கு உடனே மறுமொழி சொல்லவில்லை. மருத்துவரைப் பற்றி எவரும் பேசவில்லையே என்றோம். அப்படி ஒருவர் படத்தில் வந்தாரா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாடம் முடிந்து வாசலுக்கு வெளியே, ஐந்தாறு தலைகள் ஒரு கைத்தொலைபேசியின் மேல் கவிந்து, அந்தப் படகுக் காட்சியைத் தேடிக்கொண்டிருந்தன.