அடிக்குறிப்பு

தொண்ணூறுகளில் நான் கற்றுக்குட்டி நிருபர். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பேச்சில் அடிபட்ட பெரிய மனிதரிடமிருந்து பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலக் காபிக்கு அலுவலகம் வரும் மூத்தவர் ஒருவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். "361-ஏ இருக்கு தம்பி. போய்த் தூங்கு" என்றார்.

அவர் முதல் மக்களவையின் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்தவர். நேருவையும் ஏ.கே. கோபாலனையும் நேரில் பார்த்தவராயிற்றே என்று கதை கேட்கப் போனால் ஏமாற்றம்தான். "எங்கே பார்த்தேன்? குனிஞ்ச தலை நிமிராம சுருக்கெழுத்து எழுதிட்டிருந்தேன். எனக்கு எல்லாரும் குரல்தான்."

ஒரு குரலைப் பற்றி மட்டும் நிறையச் சொன்னார். 1955 டிசம்பர். டால்மியாவின் காப்பீட்டுக் கம்பெனியில் பாலிசிதாரர்களின் பணம் எங்கெங்கே போனது என்று பெரோஸ் காந்தி அடுக்கினார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமருக்கு மருமகன் வேறு. அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு கையில் எடுத்தது. மாடத்தில் இருந்தவர்களுக்கோ வேறு கவலை. உள்ளே பேசியவரை அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு காப்பாற்றும், அதை அச்சடித்தவனை?

பேசியவருக்கே அந்தக் கவலை இருந்திருக்கிறது. தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சபையில் நடந்ததைக் கெட்ட எண்ணமில்லாமல், உள்ளபடி வெளியிட்டால் வழக்கு இல்லை என்று 1956இல் சட்டமானது. இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்களே மொத்தம் 14தான். 1960இல் அவர் இறந்துபோனார். 1976இல், நெருக்கடி நிலையின்போது, அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவர் மனைவியின் அரசு! ஜனதா ஆட்சி 1977இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பிறகு 44ஆவது திருத்தத்தில், சட்டமன்றங்களையும் சேர்த்துக்கொண்டு, அது 361-ஏ ஆக அரசியல் சட்டத்துக்குள்ளேயே ஏறியது.

எவரோ கட்டிவைத்த திண்ணையில் இளைப்பாறிவிட்டு, யார் வீடு என்று கேட்காமலே எழுந்து போகிறோம். கேட்டால் மட்டும் என்ன செய்துவிடுவோம் என்றும் தோன்றுகிறது.

பிறகொரு நாள் பழைய படமொன்றுக்கு அடிக்குறிப்பு எழுதும் வேலை வந்தது. இத்தனையும் கேட்ட நானே "இந்திராவின் கணவர்" என்றுதான் ஆரம்பித்திருந்தேன். மூத்தவர் தாளை வாங்கினார். ஒன்றும் பேசாமல் அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, காபியைக் கையில் எடுத்தார்.