நம் மய்யித்து யார் கையில்?

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

  

சில வருடங்களுக்கு முன் நம் பள்ளியில் முதல் ஸஃப்பில் நின்று தொழுத ஒரு சகோதரர் இறந்து போனார். அவருக்கு ஜனாஸா தொழுகை நடக்கவில்லை. அதைச் சொல்லித்தான் இன்றைய பயானைத் தொடங்குகிறேன்.

அவர் இஸ்லாத்தைத் தழுவிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயோடும் அண்ணன்மாரோடும் ஒரே வீட்டில்தான் இருந்தார். தாய்க்குப் பணிவிடை செய்வதில் நமக்கெல்லாம் அவர் ஒரு பாடம். ஒருநாள் மாலை நெஞ்சுவலி வந்தது, இரவுக்குள் உயிர் பிரிந்துவிட்டது. விவரம் தெரிந்து நாங்கள் போனபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரியண்ணன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்: "பாய், எங்க தம்பி உங்ககிட்ட வந்து தொழுதான், நாங்க மறுக்கல. ஆனா செத்தா இப்படித்தான் செய்யணும்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தா காட்டுங்க. இல்லன்னா எங்க அம்மாவை அழ விடுங்க."

என் கையில் தாள் இல்லை. உடன் வந்த சில இளைஞர்கள் குரலை உயர்த்தினார்கள். அவர்களை நான் வெளியே அனுப்பினேன். மறுநாள் அவரைத் தகனம் செய்தார்கள். மய்யித்து முன்னால் இல்லாமல் தொழுவது நம் ஹனஃபி மத்ஹபில் இல்லை. எனவே பள்ளியில் உட்கார்ந்து துஆ மட்டும் செய்தோம்.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறை என்னுடையது. அவருக்கு யாஸீன் ஓதச் சொல்லிக் கொடுத்தேன். வஸிய்யத் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உடல் நமக்குச் சொந்தமா?

சகோதரர்களே! இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். மனிதனை மரணிக்கச் செய்து, பின்னர் அவனைக் கப்ரில் ஆக்குவதையும் தன் அருட்கொடைகளின் வரிசையில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் (80:21). முதல் மய்யித்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆதம் (அலை) அவர்களின் மகன் தவித்தபோது, ஒரு காகத்தை அனுப்பி மண்ணைத் தோண்டிக் காட்டினான் (5:31). இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). உயிர் போனாலும் கண்ணியம் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழுவது, சுமப்பது, அடக்குவது ஆகிய ஐந்தில் ஒன்றைக்கூட மய்யித்து தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது. எல்லாம் பிறர் கையில். அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே வாய் திறக்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் குத்துப்பட்டுக் கிடந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். மகன் அப்துல்லாஹ்வை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்புகிறார்கள். நபியவர்களுக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் பக்கத்தில் தன்னை அடக்க அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். அமீருல் முஃமினீன் என்று சொல்லாதே, உமர் ஸலாம் சொன்னார் என்று மட்டும் சொல் என்கிறார்கள். தனக்காக வைத்திருந்த அந்த இடத்தை ஆயிஷா (ரலி) விட்டுக் கொடுத்தார்கள். அத்தோடு உமர் (ரலி) நிற்கவில்லை. நான் இறந்த பிறகு என்னைச் சுமந்துபோய் வாசலில் வைத்து மறுபடியும் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் உள்ளே கொண்டு செல்லுங்கள், இல்லையென்றால் முஸ்லிம்களின் பொது மையவாடிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று வஸிய்யத் செய்தார்கள் (புகாரி). பாரசீகத்தையும் ஷாமையும் ஆண்ட கலீஃபா, ஆறடி இடத்துக்கு இரண்டு முறை அனுமதி கேட்கிறார்! தன் விருப்பத்தையும் தெளிவாகச் சொன்னார், அடுத்தவர் உரிமையையும் காத்தார், பின்னால் வருபவர்களுக்குச் சண்டையை மிச்சம் வைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல. வீட்டையும் நிலத்தையும் உயில் எழுதுவதுபோல உடலை எழுதி வைக்க முடியாது. ஆனால் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் கண்ணியமான வாழ்வுக்கான உரிமை, இறந்தவரின் உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. வீடற்று இறந்தவர்களுக்கும் அவரவர் மத முறைப்படி கண்ணியமான இறுதிச் சடங்கு உரியது என்பதை 2002-இல் உறுதி செய்தது.

அப்படியானால் தகராறு வந்தால் என்ன நடக்கும்? கேரளாவின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க அப்பா விரும்பினார் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்க வேண்டும் என்றார் மகள். வாயால் சொன்னதைக் கேட்டவர்களின் சாட்சியத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தைத் தாண்டி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய், மருத்துவக் கல்லூரிக்கே என்று முடிந்தது. அந்த முடிவு நம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்பது வேறு விஷயம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: உயிரோடு இருக்கும்போது நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதுதான் கடைசியில் பேசுகிறது.

அதே கேரளாவில் இன்னொரு மரணம். எழுத்தாளர் கமலா சுரையா 1999-இல் இஸ்லாத்தைத் தழுவியவர். 2009 மே 31 அன்று புனேயில் இறந்தார். பிள்ளைகள் அவர் விட்டு வந்த மதத்திலேயே இருந்தவர்கள். ஆனாலும் தாயின் உடலைத் திருவனந்தபுரம் கொண்டு வந்து பாளையம் ஜும்ஆ பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்யக் கொடுத்தார்கள். வழக்கும் இல்லை, வாய்ச்சண்டையும் இல்லை. மதம் வேறாக இருந்தாலும், தாயின் விருப்பம் தெரிந்த பிள்ளைகள் அதைக் காப்பாற்றினார்கள்.

இலங்கையில் நடந்தது

சொல்லியும் கிடைக்காத காலமும் வந்தது. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு, கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி அறிவிப்பு வெளியிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கஃபனிடக் கிடைக்காத பிள்ளைக்காக வேலியில் கட்டிய கஃபன் அது! 2021 பிப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலானவர்கள் திரும்பி வரவில்லை.

சகோதரர்களே! அவர்கள் கெஞ்சியும் கிடைக்காத உரிமை இன்று நம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுத நமக்கு என்ன தடை?

என்ன எழுத வேண்டும்?

வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு அலுவலகம் போக வேண்டாம். எழுதுங்கள்:

1. நான் முஸ்லிம். ஷரீஅத் முறைப்படி குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, மையவாடியில் அடக்கம் செய்ய வேண்டும்.
2. என் மய்யித்தைப் பொறுப்பெடுக்க வேண்டியவர்கள் இன்னார். அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்.
3. என் கடன்கள், என்னிடம் உள்ள பிறர் அமானிதங்கள்.
4. வெளிநாட்டில் இருக்கும் மகன் வரட்டும் என்று என்னை ஃப்ரீசர் பாக்ஸில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். ஜனாஸாவை விரைவுபடுத்துவதே சுன்னத்.
5. ஒப்பாரியும் ஆடம்பரமும் வேண்டாம். அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் பழைய துணியிலேயே கஃபனிடச் சொன்னார்கள். புதியது உயிரோடு இருப்பவர்களுக்கே அதிகம் தேவை என்றார்கள்.
6. கையெழுத்து. இரண்டு சாட்சிகள். முடிந்தால் ஒருவர் உங்கள் இரத்த உறவாக இருக்கட்டும்.

ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி ஜமாஅத்தில். உறுப்பு தானம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முஃப்தியிடம் கேளுங்கள். விபத்திலோ சந்தேகத்துக்குரிய முறையிலோ இறந்தால் காவல்துறையின் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடக்கும். அதை எதிர்த்து மருத்துவமனையில் கூச்சல் போடாதீர்கள்.

இஸ்லாத்தைத் தழுவிய என் சகோதர சகோதரிகளே! உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாளில் எழுதினால் மட்டும் போதாது. உங்கள் தாயிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். மனம் நோகாமல், கையைப் பிடித்துச் சொல்லுங்கள். "அம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல நீ வந்து பாரு. அப்புறம் என்னைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி வை" என்று சொல்லுங்கள். மண்ணில் அடக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. துறவிகளை இங்கே எரிப்பதில்லை. ரமண மகரிஷியையும் 1950-இல் இதே ஊரில் அடக்கம்தான் செய்தார்கள். பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பிறர் மய்யித்தும் ஓர் உயிர்தான்

ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள் (புகாரி). நம் ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் ஓரங்களில் குடும்பத்தைத் துறந்து வந்த எத்தனையோ சாதுக்கள் படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் அவரை அவருடைய வழக்கப்படி அனுப்பி வைக்க உதவுவது நம் அண்டை வீட்டுக் கடமை. கொரோனா காலத்தில் சொந்தங்களே தொடப் பயந்த உடல்களைத் தமுமுக தன்னார்வலர்கள் அவரவர் முறைப்படி அடக்கவும் எரிக்கவும் செய்தார்களே, அதுதான் நம் முகம். நம் விருப்பத்தைப் பிறர் மதிக்க வேண்டுமென்றால், பிறர் விருப்பத்தை நாம் முதலில் மதிக்க வேண்டும்.

அந்தச் சகோதரரின் தாய் இன்னும் இருக்கிறார். வழியில் பார்த்தால் நின்று பேசுவார். போன ரமலானில் கேட்டார்: "பாய், அவன் எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க தடுத்திருப்போமா?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் தாய் யாரிடமும் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள். இன்று இஷாவுக்குப் பிறகு பள்ளியில் தாளும் பேனாவும் வைத்திருப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.

யா அல்லாஹ்! ஈமானோடு வாழவும் ஈமானோடு மரணிக்கவும் எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் மய்யித்துகளைக் கண்ணியமான கைகளில் ஒப்படைப்பாயாக! கப்ரு கிடைக்காமல் போன எங்கள் சகோதரர்களுக்கும், அந்தப் பச்சிளம் குழந்தைக்கும் உன் அருளை விசாலமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.