பழுதும் பழியும்

ஒன்று தன் கடமையில் தவறும்போது, “குற்றம் எதனிடத்து?” என வினவுகின்றோம். வினவும் முறையே நீதியற்றதாயின், கிடைக்கும் விடை நீதியானதாகுமா? நிலைமின் ஒலிபெருக்கியைப் பழுதுபார்ப்போரின் தொழில்முறை இவ்வறவியல் வினாவுக்குத் தக்க விளக்கம் தருகின்றது.

சாதாரண ஒலிபெருக்கியில் காந்தமும் கம்பிச்சுருளும் கூம்பொன்றை அசைக்கின்றன. நிலைமின் ஒலிபெருக்கியிலோ, துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே தலைமயிரினும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டு, உயர் மின்னழுத்தம் ஏற்றப்படும். தகடுகளிற் செல்லும் இசைக்குறிப்பு அப்படலத்தை அசைத்து ஒலி எழுப்பும். இங்கிலாந்தில் பீற்றர் வோக்கர் உருவாக்கி, 1957 இல் விற்பனைக்கு வந்த குவாட் ஒலிபெருக்கியில், தாழ்சுரப் படலங்களுக்கு 6000 வோல்ற்றும் உயர்சுரப் படலத்துக்கு 1500 வோல்ற்றும் வழங்கப்பட்டன.

இடம், வலம் என்னும் இரண்டில் ஒன்றின் ஒலி நலிந்தால், “படலம் கெட்டுவிட்டது” என்பதே முதலில் எழும் தீர்ப்பு. தேர்ந்த தொழிலாளி அவ்வாறு அவசரப்படுவதில்லை. இரண்டின் இணைப்புகளையும் மாற்றிப் பார்க்கின்றான். நலிவு மற்றைய ஒலிபெருக்கிக்கு இடம்பெயர்ந்தால், குற்றம் இசையை அனுப்பும் கருவிகளுடையது, பெயராவிடின் ஒலிபெருக்கியுடையது. அதனுள்ளும் மின்வழங்கி தளர்ந்திருக்கலாம். படலத்தின் பூச்சுத் தேய்ந்திருக்கலாம். அன்றேல் ஈரமும் தூசியும் மின்னேற்றத்தைக் கசியச் செய்யலாம். இவற்றுள் இறுதிக் காரணத்தை வண்ணாத்திவில்லு போன்ற புத்தளக் கரையோரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மாரியில் உப்புப்பானை நீர் விடுவதை அவர்கள் அறிவர். உப்புப் படிந்த பரப்பும் அவ்வாறே ஈரத்தை ஈர்த்து மின்னுக்கு வழிவிடும். அங்கு குற்றம் படலத்தினதன்று. அது இருக்க நேர்ந்த சூழலினது.

அளவீடு இதனினும் நுட்பமானது. இம்மின்வழங்கி தரக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறிது. சாதாரண வோல்ற்றுமானியை இணைத்தால், மானியே அதனை உறிஞ்சிவிட, அழுத்தம் வீழ்ந்து, நல்ல வழங்கியும் கெட்டதாகத் தோன்றும். ஆதலின் மிக உயர்ந்த தடையுடைய சிறப்புச் சோதனைக்கோல் வேண்டப்படுகின்றது.

கரையோரப் பாடசாலை ஒன்றிற்கு வரும் அதிகாரி அதட்டி வினவ, மாணவன் வாயடைத்து நிற்பதாகக் கொள்வோம். அவன் அறிவிலி என்று குறிப்பேட்டில் பதியப்படுகின்றது. அங்கு அளக்கப்பட்டது மாணவனின் அறிவா, அதிகாரியின் அதட்டலா?

அவ்வாறாயின் எவரையும் குறைகூறுதல் ஆகாதா எனில், அதுவன்று. கிழிந்த படலம் கிழிந்ததே. இரக்கத்தால் அது இசைக்காது. அதனை அகற்றிப் புதியது பூட்டுதலே கடன். ஆயின், நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு, தீர்ப்பளிப்போருக்கும் பொருந்தும்.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் இக்கருவியில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருந்தே தொழிலாளி கை வைக்கின்றான். மனிதர்மீது பழி சுமத்தப் புகுவோர், தம் சினம் வடியும் வரையேனும் காத்திருத்தல் வேண்டும்.