வீழ்ந்தவனுக்கு வாசல் உண்டா?

பாலக்கோடு பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை. மாலை வேளையில் அங்கே ஒரு மன்றமே கூடும்! அரசியல் பேசுவர், தக்காளி விலை பேசுவர், கிரிக்கெட் பேசுவர். அன்றொரு நாள் அங்கு ஒரு வழக்கு. கூண்டிலே நிறுத்தப்பட்டவர் யார்? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி தந்த பந்து வீச்சாளர் நடராஜன்!

"இந்திய அணியில் அவருக்கு மீண்டும் ஒரு வாய்ப்புத் தரவேண்டும்" என்றார் இளைஞர் ஒருவர். "அவர் காலம் முடிந்தது, புதியவன் வரட்டும்" என்றார் மற்றொருவர். மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் இருவரையும் அடக்கித் தீர்ப்பே கூறிவிட்டார்: "எல்லாம் தலையெழுத்து, தம்பி! அவன் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வழக்கு நம்மோடு நடந்து வந்தது. ஒருமுறை உயர்ந்து, பின் வீழ்ந்தவனுக்கு மறுவாய்ப்புக் கேட்கும் உரிமை உண்டா? உண்டெனில், அஃது எதன் பெயரால்? இரக்கத்தின் பெயராலா? பழம்புகழின் பெயராலா? நியாயத்தின் பெயராலா?

முதலில் பெரியவர் சொன்ன தலையெழுத்தைப் படித்துப் பார்ப்போம்.

எளிய உழைப்பாளர் குடும்பம். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய கிராமத்து இளைஞர். 2015 சனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். அந்த முதல் ஆட்டத்திலேயே, அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. பந்தை விடுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஆட்ட விதி. எல்லாம் எழுதியபடி என்று அவர் அடங்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்! அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கவில்லை, முழங்கையைப் பார்த்தார். பயிற்சியாளர் துணையோடு முறையைத் திருத்தினார், திரும்பி வந்தார். எழுத்து நெற்றியில் இல்லை, தோழர்களே! பிழை முழங்கையில் இருந்தது. பிழைக்கு இடம் உண்டெனில், அதைத் திருத்த வழியும் உண்டு.

2018, 2019 ஆகிய இரண்டு ஐ.பி.எல். பருவங்களிலும் ஐதராபாத் அணியில் ஓர் ஆட்டமும் கிட்டாமல் அமர்ந்திருந்தார். 2020இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆத்திரேலியா சென்றவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் நாட்டுக்காகக் களம் கண்டார். 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் 3 விக்கெட்டுகள் எடுத்தார். ஊர் திரும்பியவரைச் சின்னப்பம்பட்டி மக்கள் தேரில் ஏற்றி ஊர்வலம் விட்டனர்!

அதே ஆண்டு மார்ச்சில் புனேயில் இங்கிலாந்தோடு ஓர் ஆட்டம். இறுதி ஓவரில் அவர்களுக்குத் தேவை 14 ஓட்டங்கள். பந்து நடராஜன் கையில். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. அடுத்த மாதம் முழங்கால் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை. அதன்பின் 2025 முடியும் வரை இந்திய அணிக்காக அவர் ஆடவில்லை. 2024 ஐ.பி.எல்.இல் 19 விக்கெட்டுகள் எடுத்தும் அந்தக் கதவு திறக்கவில்லை.

தேரில் ஏற்றினோம், பிறகு "முடிந்தது" என்றோம். இரண்டும் எதிரெதிரான செயல்கள் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நோய்! மனிதனை மனிதனாகப் பாராமல் சிலையாக்குகிறோம். மூக்கு உடைந்ததும் அந்தச் சிலையை மூலையில் போடுகிறோம். மனிதனென்று கண்டிருந்தால், வென்றபோது "எவ்வாறு வென்றாய்?" என்று கேட்டிருப்போம், தளர்ந்தபோது "எதனால் தளர்ந்தாய்?" என்று கேட்டிருப்போம்.

அந்த இரண்டாம் கேள்வி எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு மற்றொரு தமிழ்நாட்டு ஆட்டக்காரர் சான்று. 2021 உலகக் கோப்பை இருபது ஓவர்ப் போட்டியில் வருண் சக்ரவர்த்தி மூன்று ஆட்டங்களில் பந்து வீசினார். ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தன் பந்து சுழலும் முறையையே மாற்றிப் பழகினார். 2024 அக்டோபரில் மீண்டும் அழைக்கப்பட்டார். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்கள் மட்டும் தந்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2021இல் எழுதிய தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்றிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா?

எனினும், "புதியவன் வரட்டும்" என்றாரே இரண்டாமவர், அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. களத்தில் நிற்போர் பதினொருவர்தாம். வீழ்ந்தவனை மீண்டும் அழைத்தால், இன்னும் ஒருமுறைகூட அழைக்கப்படாத ஒருவன் வெளியே நிற்பான். அவனும் ஏதோ ஒரு கிராமத்துக் கூலித் தொழிலாளியின் மகனாக இருக்கலாம். அவன் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததாலேயே அவனுக்காக நம் கண் கலங்குவதில்லை. தெரிந்தவனுக்கு இரக்கம், தெரியாதவனுக்கு மறதி — இது நீதியாகுமா?

ஆகாது. ஆகவேதான் மறுவாய்ப்பை இரக்கத்தின் மீதோ பழம்புகழின் மீதோ நிறுத்தலாகாது என்கிறோம். நாற்காலி வேறு, வாசல் வேறு. வீழ்ந்தவனுக்கு நாற்காலியைக் கேட்கும் உரிமை இல்லை. வாசலில் நின்று, "என் குறையைக் களைந்துவிட்டேன், சோதித்துப் பார்" என்று கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமை புதியவனுக்கும் உண்டு. இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, இன்று வல்லவன் எவனோ அவனை அழைப்பதே முறை. தோற்றால் நடராஜனும் வணங்கி விலகவேண்டியதுதான். ஆனால் சோதிக்காமலே "முடிந்தது" என்பது தீர்ப்பன்று, சோம்பல்!

இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. நாமே செய்த பிழையொன்று நெஞ்சை உறுத்துகிறது. நாம் ஆசிரியப் பணியாற்றும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கில் முன்பு நல்ல மதிப்பெண் பெற்றவன், அடுத்தடுத்து இரு தேர்வுகளில் தோற்றான். வகுப்பிலும் தூங்கி வழிந்தான். "இவன் தேறமாட்டான்" என்று கடைசி வரிசைக்கு அனுப்பினோம். ஒருநாள் விடியுமுன் தக்காளிச் சந்தை வழியே செல்ல நேர்ந்தது. அங்கே, தந்தையோடு கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான் அவன்! இரவு முழுதும் தோட்டத்திலும் வண்டியிலும் கழித்தவன், காலையில் நம் முன் வந்து அமர்ந்திருக்கிறான். சோம்பல் அவனிடம் இல்லை. காரணத்தைக் கேட்காத நம்மிடம் இருந்தது.

தந்தையிடம் பேசினோம். அறுவடை நாட்களில் அவனைச் சந்தைக்கு அழைப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். மாலையில் அவனுக்குத் தனியே கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. தேர்ச்சி பெற்றான், அவ்வளவே. அந்த 'அவ்வளவே'யைத்தான் நாம் அவனிடமிருந்து பறிக்க இருந்தோம்! அவனுக்கு நாம் மதிப்பெண்ணைத் தானமாக வழங்கவில்லை. நேர்மையான ஒரு தேர்வை, தூங்கி எழுந்த கண்களோடு எழுத விட்டோம். அது சலுகையன்று, அவனுக்கு நாம் பட்டிருந்த கடன்.

நடராஜன் தம் ஊரில் இளைஞர்களுக்கென ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023இல் அது திறக்கப்பட்டது. தம் மறுவாய்ப்பு உறுதியாகாத காலத்திலேயே, பிறருடைய முதல் வாய்ப்புக்கு இடம் செய்தார் அவர். இரண்டாமவர் எழுப்பிய வாதத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறென்ன? வாசல் ஒன்றாயிருக்கும்போதுதான் பழையவனும் புதியவனும் பகைவராகின்றனர். வாசல்களைப் பெருக்கினால் இருவரும் நுழையலாம்.

இளைஞர்களே! அடுத்தமுறை தேநீர்க் கடையில் ஒருவன் கதை "முடிந்தது" என்று எவரேனும் கூறினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவன் எதனால் வீழ்ந்தான்? அக்காரணம் களையப்பட்டதா? களைந்தபின் அவனைச் சோதித்தவர் யார்? மூன்றாம் கேள்விக்கு விடை வரவில்லையெனில், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள்.